டோனட் மாவும் விண்மீன்களும்

வேதியியல் வாத்தியாராக முப்பது வருஷம் ஓட்டிய எனக்கு ஈ. ஈ. ஸ்மித் மேல் தனிப் பாசம். அமெரிக்காவில் டோனட் மாவுக் கலவைகளில் கைதேர்ந்த உணவு வேதியியலர் அவர். 1915 வாக்கில் ஒரு நாவலைத் தொடங்கினார். காதல் காட்சி எழுதக் கூச்சம். அதற்கு நண்பரின் மனைவி லீ ஹாக்கின்ஸ் கார்பி கைகொடுத்தார்.

அந்த 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்', பதிப்பாளர்கள் பலர் வேண்டாமென்ற பிறகு, 1928 ஆகஸ்டில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் தொடராக ஆரம்பித்தது. ஆய்வகத்தில் ஒரு செம்புத் தொட்டி திடீரென்று ஜன்னல் வழியே பாய்ந்து மறைகிறது. கதை அங்கிருந்து கிளம்புகிறது. என் ஆய்வகத்தில் பறந்ததெல்லாம் சோதனைக்குழாய்த் துண்டுகள்தான்! செவ்வாய், வெள்ளி என்று பெரும்பாலும் சூரியனைச் சுற்றியே உலவிய கதைகளை இது வேறு விண்மீன்களுக்கு இழுத்துப்போனது. தூரம்தான் அதன் போதை. கதாபாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மாதிரி விண்வெளிக் கதைகளுக்கு 'ஸ்பேஸ் ஆபரா' என்ற பெயர் 1941-இல் எழுத்தாளர் வில்சன் டக்கர் வைத்த வசவு. சோப்பு நிறுவனங்கள் காசு கொடுத்த வானொலித் தொடர்களை 'சோப் ஆபரா' என்பார்கள், அதே ஏளனம். இப்போது அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நான் புத்தகம் வாங்குகிறேன்.