வீட்டுல காய்ச்சின பீரும் ஒரு சட்டமும்

சரக்குப் பதிவுன்னு ஓடிறாதீங்க மக்களே, இது சரித்திரப் பதிவு :-)

அமெரிக்காவுல மதுவிலக்கு 1933-ல முடிஞ்சது. வீட்டுல ஒயின் செய்ய அனுமதி கிடைச்சுது. பீர் மட்டும் சட்டத்துல விட்டுப் போச்சு. ஆக, அடுப்படியில பார்லி மால்ட்டைக் கொதிக்க வச்சு, ஈஸ்ட் போட்டுப் புளிக்க விட்டா குற்றம்.

அப்படியிருக்க, 1974-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 'மால்டோஸ் ஃபால்கன்ஸ்'னு சங்கமே ஆரம்பிச்சாங்க. இந்த மாதிரி சங்கங்கள்ல கூடுறதே சுவை பாக்கத்தான். அவங்கவங்க பாட்டிலைக் கொண்டு வரணும், மத்தவங்க குடிச்சுட்டு குறை சொல்லணும். வெண்ணெய் வாசம் வந்தா ஈஸ்ட் வேலையை முடிக்கலை. புளிச்சா பாத்திரம் சுத்தமில்லை. கிட்டத்தட்ட நம்ம கோட் ரிவ்யூ!

1978 அக்டோபர்ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரியிலேர்ந்து ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுக்கு வருஷம் 200 காலன் வரை வரி கிடையாது. ஆனா விக்கக் கூடாது. மாநிலச் சட்டம் தனி. மிசிசிப்பி, அலபாமா 2013 வரைக்கும் இழுத்தடிச்சுது.

1980-ல சியரா நெவாடா பீரைத் தொடங்கின கென் கிராஸ்மனும் வீட்டுல காய்ச்சிப் பழகினவர்தான்.

ஒளிச்சு வைக்க வேண்டிய பாட்டிலை நாலு பேர் முன்னாடி வச்சு, 'எப்படி இருக்கு, சொல்லுங்க'ன்னு கேட்டாங்க பாருங்க, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?