கண்டதும் காத்ததும்



எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் வணிகக் கப்பலொன்றில் தொழில் புரிகிறார். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். இதுவே அவருடைய ஆண்டுக் கணக்கு. சுயெஸ் கால்வாயின் இருமருங்கும் மணல் நகர்வதையும், வடகடலில் அலை கப்பல் தளத்தின்மேல் ஏறி விழுவதையும் தமது கைத்தொலைபேசியில் அசையும் படமாக எடுத்து வைப்பார். விடுமுறையில் வந்ததும் என்னிடம் காட்டுவார். சென்ற முறை வந்தபோது வெறுங்கையோடு வந்தார். கப்பலின் பக்கத்து ஏணியில் இறங்குகையில் தொலைபேசி நழுவிக் கடலில் வீழ்ந்துவிட்டதாம். அரையாண்டுக் காட்சிகள் அத்தனையும் அதனோடு போயின.

“சேர், நீங்கள் சரித்திரம் படிப்பிக்கிறனீங்கள். முந்தி நெடுந்தூரம் போன ஆக்கள் தாங்கள் கண்டதை எப்படிக் காப்பாத்தினவை?” என்று கேட்டார். விறாந்தையில் இருந்தபடி அன்று நான் சொன்னது பாதி விடைதான். மீதியைச் சொல்லவே இந்தப் பேச்சு.

எமது குடாவின் தென்கரையிலிருந்தே தொடங்கலாம். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வீசிய புயலிலே பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவில் வந்து தங்கியது. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அதன் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்சும், வேறு சிலரும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மூதூரிலே அந்தச் சம்பவத்தை நினைவூட்டும் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்ற பெயர் நெடுங்காலம் வழங்கி வந்தது. தந்தை 1661இல் மலைநாட்டிலேயே காலமானார். ஏறத்தாழப் பத்தொன்பது வயதிற் பிடிபட்ட மகன், மேலும் பத்தொன்பது ஆண்டுகளை இந்நாட்டிற் கழித்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்தார். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்த அவர், ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில விவிலிய நூலொன்றை வாங்கிக்கொண்ட செய்தி பலரும் அறிந்ததே.

நமது விடயத்துக்கு வேண்டியது அதற்குப் பின் நடந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பும் கப்பலிலேதான் அவர் எழுத உட்கார்ந்தார். நெல் விதைக்கும் முறை, மன்னனின் கெடுபிடி, தாளிப்பனை ஓலையின் பயன், அட்டையின் தொல்லை யாவும் நினைவிலிருந்து தாளுக்கு இறங்கின. 1681இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. பத்தொன்பது ஆண்டுகளைச் சுமந்து வந்த பெட்டி அவருடைய தலைதான். அந்தப் பெட்டி புயலிலோ காய்ச்சலிலோ கவிழ்ந்திருந்தால், பதினேழாம் நூற்றாண்டுக் கண்டிச் சீமையைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றுள் எவ்வளவு குறைந்திருக்கும்! மனிதர் கரை சேர்ந்ததும் அல்ல, கரை சேரும் முன்பே எழுதத் தொடங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அசையும் படம் என்னும் அற்புதம் பொதுத் திரைக்கு வந்தது 1895இல். அவ்வாண்டு டிசெம்பர் 28ஆந் திகதி லூமியர் சகோதரர் பாரிசில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படங்காட்டினர். அதற்குப் பின் பயணிகள் தலையையும் தாளையும் மட்டுமே நம்பவேண்டியிருக்கவில்லை. ஆனாற் புதிய பெட்டிக்குப் புதிய நோய்கள் வந்தன. தொடக்ககாலத்துப் படச்சுருள் நைத்திரேற்று என்னும் பொருளாலானது. எளிதிற் தீப்பற்றும், பற்றினால் நீருக்கும் அடங்காது. வெப்பமான அறையில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தால் பசையாகிப் பின் பொடியாகும். இப்படிப்பட்ட பொருளைக் கப்பலிலும் இரயிலிலும் நாடுநாடாகக் கொண்டு திரிந்த ஒரு தமிழரை இங்கே நினைவுகூர வேண்டும்.

அவர் ஏ. கே. செட்டியார். 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்தவர். யப்பானிலும் பின்னர் அமெரிக்காவிலும் படப்பிடிப்புக் கலையைக் கற்றவர். 1937ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி நியூயோர்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற ‘சமாரியா’ என்னும் கப்பலில் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியடிகளைப் பற்றி ஓர் உண்மைப் படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில் அவருக்கு உதித்தது. அப்போது இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. கையிற் பெரும் பொருளும் இல்லை.

நினைத்ததோடு நில்லாமல், அடுத்த மூன்று ஆண்டுகளில் நெடும்பயணஞ் செய்தார். காந்தியடிகளை எவரெவர் எங்கெங்கே படம் பிடித்தார்களோ அவர்களைத் தேடித் தென்னாபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அலைந்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு பேர் அளவிலான ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவற்றிலிருந்து 50,000 அடிச் சுருள் திரண்டது. சற்றே கணக்குப் பார்ப்போம். திரையரங்குப் படச்சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆகவே 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காட்சி. எடையோ நூறு கிலோவுக்கும் மேல். இன்று எங்கள் மாணவர்கள் சட்டைப் பையிலே, அதைவிடப் பன்மடங்கை ஒரு விரல்நகத் தகட்டில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். நான் இதை வகுப்பிற் சொன்னபோது பின்வாங்கில் இருந்த ஒருவன், “அப்ப அவருக்குத் துலையாது, சேர்” என்றான். நூறு கிலோவை எவன் தொலைப்பான் என்பது அவன் வாதம். சிரித்தோம்.

ஆனால் தொலைந்தது. அதுதான் கதையின் வேதனை. இடையில் 1939இல் உலகப்போர் மூண்டு கடல்வழிகள் ஆபத்தாகிய நிலையிலும் வேலையை முடித்து, 1940ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் படத்தைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் தெலுங்கிலும் வந்தது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பொன்று உருவாயிற்று. அதன் பின் படம் மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது. ‘குமரி மலர்’ என்னும் இதழைப் பல்லாண்டு நடத்திய செட்டியார் 1983இற் காலமானார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே, வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிச் சென்று, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதியைக் கண்டார். அதுவும் தமிழ்ப் படமன்று, ஆங்கிலப் பதிப்பே.

இன்னொன்றையும் கூறவேண்டும். படம் எடுத்த அனுபவத்தைச் செட்டியார் தமது இதழில் எழுதி வைத்திருந்தார். அக்கட்டுரைகள் அழியவில்லை. 2003இல் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்டன. நூறு கிலோச் சுருள் காணாமற்போக, மாதாந்த இதழின் மெல்லிய தாள் தப்பியது. தாள் பல கைகளில் இருந்தது. சுருள் சில இடங்களில் மட்டுமே இருந்தது. வேறு மாயம் இதில் ஒன்றுமில்லை. அதே 2003ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பூனாவில் மூண்ட தீயில், இந்தியத் திரைப்படங்களின் பழைய நைத்திரேற்றுச் சுருள்கள் ஏராளமாய் எரிந்தன. காப்பதற்கென்றே வைத்த இடத்திலும் தீ வரும்.

இனி எமது கரைக்குத் திரும்புவோம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அது மூழ்கும் காட்சியை உலகுக்குக் காட்டும் புகைப்படம் யப்பானியர் எடுத்தது. குண்டு போட்டவனின் கமெராதான் எமது கடலின் அன்றைய சாட்சி! கரையில் நின்று புகையைக் கண்ட மீனவர்களுக்கு நினைவு மட்டுமே இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் அந்நினைவை எவரிடமும் ஒப்படையாமலே போய்விட்டனர்.

பதினான்கு ஆண்டுகளின் பின், 1956இல், வேறு வகைப் பயணிகள் இருவர் வந்தனர். ஒருவர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். மற்றவர் சுழியோடியும் படப்பிடிப்பாளருமாகிய மைக் வில்சன். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாறைத் தொடரிற் படம் எடுத்துத் திரும்பியவர்கள் அவர்கள். இங்கே சுவாமி மலையின் அடியில் நீர்மூழ்கியபோது, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியிற் கிடக்கக் கண்டனர். 1624இற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளே அவை. இடித்தவர்களே கோயிற் கல்வெட்டொன்றின் பிரதியைத் தம் நாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. அக்கல்வெட்டின் துண்டு, இரட்டைக் கயல் பொறித்த கற்களோடு, இன்றும் பிரெடெரிக் கோட்டை வாயிலில் இருக்கிறது. கோட்டைக்குள் நுழைபவர்களுள் நூற்றுக்கு ஒருவராவது நிமிர்ந்து பார்க்கிறாரா என்று நான் ஐயுறுவதுண்டு.

வில்சனின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்துச் சிறிய 16 மில்லிமீற்றர் கமெராவில் நூறடிச் சுருள் மூன்று நிமிடங்கூட ஓடாது. நீருக்கடியிற் சுருள் முடிந்தால் மேலே வந்து, கையைத் துடைத்து, உப்புநீர் ஒரு துளியும் படாமற் பெட்டியைத் திறந்து, வேறு சுருளை மாட்டி மீண்டும் இறங்கவேண்டும். எடுத்த சுருளை வெயிலில் வைத்தலாகாது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வண்ணச் சுருளானால் கழுவுவதற்குக் கடல் கடந்து அனுப்ப வேண்டும். படம் விழுந்ததா இல்லையா என்பது வாரக்கணக்கில் தெரியாது. கிளார்க் 1957இல் இந்த அனுபவங்களை நூலாக எழுதினார். வில்சன் நெறிப்படுத்தி 1962இல் வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ சிங்களத்தின் முதலாவது முழுநீள வண்ணப்படம். எமது கடலின் அடிப்புறத்தை இந்நாட்டு மக்கள் அப்படத்திலும் திரையிற் பார்த்தனர். பிற்காலத்தில் வில்சன் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி என்னும் பெயர் தாங்கி, 1995இல் மறைந்தார். கோணேசர் கடலில் மூழ்கி எழுந்தவர் சிவன் பெயரோடு முடிந்தது தற்செயல்தான் என்று சொல்ல எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எவரும் உடன்படார்.

நைத்திரேற்றுக்குப் பின் வந்த அசற்றேற்றுச் சுருள் எளிதிற் தீப்பற்றாது. ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் அது புளித்துப்போகும். பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணம் எழும். சுருள் சுருங்கி நெளியும். அந்த மணம் வந்தபின் நோயைத் தீர்க்க முடியாது. குளிரிலும் உலர்விலும் வைத்து அதன் போக்கைத் தாமதிக்கலாம், நல்ல பிரதியொன்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. ஆண்டு முழுவதும் உப்புக்காற்று வீசும் எங்கள் ஊரிலே, அலுமாரிக்குள் வைத்தாற் போதும் என்று நம்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நானும் அப்படி நம்பியவனே. 2004ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவை வீடியோக் கசெற்றிற் பதிவு செய்து அப்போது கற்பித்த பாடசாலையில் வைத்திருந்தோம். அவ்வாண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. அந்த விழாவிற் பரிசு வாங்கிய பிள்ளைகளுள் மூவர் திரும்பி வரவில்லை. கசெற் மேல்தட்டில் இருந்ததால் தண்ணீர் அதைத் தொடவில்லை. தொடவில்லை என்ற நிம்மதியிலேயே பல ஆண்டுகள் அதைத் திறவாமல் விட்டேன். பெற்றோர் ஒருவர் வந்து கேட்டபோது எடுத்துப் பார்த்தால், நாடாவின் விளிம்பெல்லாம் வெண்பூஞ்சணம். ஓட்டிப் பார்க்கும் கருவியும் ஊரில் அருகிவிட்டது. கொழும்புக்கு அனுப்பித் துப்புரவு செய்து கணினிக்கு மாற்றியதில் பதினொரு நிமிடம் மீண்டது. மூவரில் இருவர் அதில் வருகிறார்கள். மூன்றாவது பிள்ளையின் தாயாருக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

இக்காலத்து நினைவுத் தகடுகளுக்கும் ஆயுள் உண்டு. மின்னூட்டமாகப் பொதிந்த பதிவு, தொடப்படாது ஆண்டுக்கணக்கிற் கிடந்தால் கசிந்துவிடக் கூடும். சுழலும் வட்டு விழுந்தால் உடையும். இணையவழிச் சேமிப்புக்குக் கரையில் அலைவரிசை வேண்டும். நடுக்கடலில் அது எளிதிற் கிட்டாது. ஆகவே துறைசார்ந்தோர் மூன்று பிரதி வைக்கச் சொல்கிறார்கள்: இரு வேறு வகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில். செட்டியாரின் தாள் தப்பியதும், சுருள் தப்பாததும் இந்தக் கணக்கினாலேயே.

என் மாணவர் இதையெல்லாம் பொறுமையோடு கேட்டார். விடுமுறை முடிந்து புறப்படுவதற்கு முதல்நாள் மாலை மீண்டும் வந்தார். கையில் சிறியதொரு வட்டு, சவர்க்காரக் கட்டியளவு. தொலைபேசியை மாற்றுமுன் மனைவிக்கு அனுப்பியிருந்த பழைய காட்சிகளையெல்லாம் திரட்டி அதில் ஏற்றியிருந்தார். முதற் பயணத்தில் இத்துறைமுகத்தை விட்டு வெளியேறியபோது எடுத்ததும் அதில் உண்டு.

“சேர், வீட்டில ஒண்டு கிடக்குது. கப்பலில ஒண்டு கொண்டு போறன். இதை உங்களிட்ட வைக்கட்டுமா?”

“என்னுடைய அலுமாரியின் யோக்கியதை உனக்குத் தெரியுந்தானே, தம்பி?” என்றேன்.

“தெரியும் சேர். ஆறு மாதத்துக்கு ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.”

வாங்கி, திகதியும் பெயரும் எழுதி ஒட்டி, பதினொரு நிமிடக் காட்சியின் பிரதி இருக்கும் தட்டிலேயே வைத்திருக்கிறேன். சித்திரை விடுமுறைக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். சுவாமி மலை சிறிதாகிச் சிறிதாகிக் கடலோடு கடலாக மறையும்வரை அவர் கமெராவைத் திருப்பவில்லை.