பதினாறும் பெற்றவள்

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு வைத்திருந்தாள். புளி தட்டும் நாட்களில் குடிசை வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைப்பாள். பதினாறு வரும். அதில் ஐந்தை மட்டும் தனியாகத் தள்ளி வைத்துவிட்டு, "இதெல்லாம் நான் பெத்தது. இந்த அஞ்சுதான் எனக்குத் தங்கினது" என்பாள்.

1967இல் அவள் செத்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்தப் பதினாறை எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. கல்யாண வீடுகளில் 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று வாழ்த்துவதைக் கேட்டுக் கேட்டுக் கிழவி தனக்கும் ஒரு பதினாறை வைத்துக்கொண்டாள் என்று நைனாவே சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் ஊர் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் மதுராந்தகம் பக்கம். படியாள் முறை வேரோடியிருந்த மண். 1843லேயே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது என்று படிக்கிறோம். ஆனால் ஆண்டையிடம் வாங்கிய நெல்லுக்கும் கல்யாணச் செலவுக்கும் அப்பன் பட்ட கடன் மகன் தலையில் ஏறியது. மகனுக்குப் பிறந்தவன் ஆண்டையின் மாட்டை ஓட்டினான். அந்த ஜில்லாவின் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையும் நமக்குத் தெரிந்தவை. பஞ்சமி நிலம் அப்படித்தான் வந்தது. முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. எங்கள் பூட்டனுக்கும் ஒன்றே முக்கால் ஏக்கர் கிடைத்தது. அது எப்போது கைவிட்டுப் போனது, எப்படிப் போனது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்தது.

1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சேரிகளில் பலரும் பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைத் தேட ஆரம்பித்தோம். எங்கள் பெட்டியில் காகிதம் எதுவும் இல்லை. நிலம் பூட்டன் பேரில் இருந்தது என்று 'அ' பதிவேட்டில் பார்த்தாயிற்று. அவருக்கு நான் வாரிசு என்று காட்ட வேண்டும். அதற்கு வம்சாவளி வேண்டும். 1899லேயே பிறப்பு இறப்பைப் பதிய சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் எங்கள் கிராமத்தில் பதிவேடு வைத்திருந்த முன்சீப்பின் வீடு, எங்கள் ஆட்கள் கால் வைக்க முடியாத தெருவில் இருந்தது. வெட்டியான் போய்த் தூர நின்று சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை.

மிச்சம் இருந்தது கோயில் பதிவேடு. நாங்கள் நாலு தலைமுறையாகக் கத்தோலிக்கர். ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்பது 1563இல் திரெந்து சங்கம் போட்ட விதி. ஐரோப்பாவில் யாரோ போட்ட விதியால் எங்கள் சேரிப் பிள்ளைகளின் பெயர்கள் லத்தீனும் தமிழும் கலந்த ஒரு பழைய நோட்டில் ஏறியிருந்தன. 1995 கோடையில் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன்.

ஆயாவின் பெயரும் தாத்தாவின் பெயரும் பெற்றோர் என்று வரும் இடங்களை எல்லாம் குறித்துக்கொண்டே போனேன். முதலாவது 1908. கடைசி 1934. மொத்தம் பதின்மூன்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கிழவி பொய் சொல்லவில்லை. மீதி மூன்று எங்கே என்று பிறகு தெரிந்தது. சாமியார் வந்து தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே போனவை அவை. அவற்றுக்குப் பெயரும் கிடையாது, பதிவும் கிடையாது.

அடக்கப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்றில் ஏழு, ஐந்து வயதுக்குள் போயிருந்தன. அதில் என் நைனாவின் பெயர் இருந்தது. 1911இல் அடக்கம். பக்கங்களைத் தள்ளினால் 1918 நவம்பரில் மறுபடியும் அதே பெயர். என் நைனா பிறந்தது 1925இல். 1989இல் நானே அவருக்குக் கொள்ளி... இல்லை, நாங்கள் புதைப்பவர்கள், நானே மண் போட்டவன். அந்தப் பெயரை அடக்கப் பதிவேட்டில் இரண்டு முறை பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

1913இல் பிறந்த அத்தை அப்போது உயிரோடு இருந்தாள். எண்பத்திரண்டு வயது. போய்க் கேட்டேன்.

"அது உங்க நைனா இல்லடா. அவனுக்கு முந்தி வந்துட்டுப் போனவனுங்க. பேரு போவக் கூடாதுன்னு திரும்பத் திரும்ப வெச்சாங்க. மூணாவதாத்தான் உங்க நைனா நின்னான்."

"ரெண்டாவது எப்படிப் போச்சுத்தே?"

"விசக் காய்ச்சல். எனக்கு அஞ்சு வயசு. அவனும் போனான், அவனுக்கு மூத்தவளும் போனா. ஒரே வாரம். குழி வெட்டக்கூட ஆளு இல்ல. தெருவுல எல்லாரும் படுத்துக் கெடந்தாங்க."

1918ஆம் ஆண்டின் இன்புளூயன்சா அது. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் ஜனங்களைக் கொண்டுபோனது. 1921 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையே முந்தைய பத்தாண்டைவிடக் குறைந்து நின்றது. புத்தகத்தில் இதைப் படித்திருக்கிறேன். அத்தை சொன்ன பிறகுதான் அது எங்கள் வீட்டுக்கும் வந்துபோனது என்று தெரிந்தது.

நிலம் போன கதையும் அங்கேதான் கிடைத்தது. இரண்டு சாவுக்கும், அதற்குப் பிறகு தாத்தா படுத்துக் கிடந்த மாசங்களுக்கும் ஆண்டை வீட்டில் நெல் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் ஒரு காகிதத்தில் பூட்டனின் கைநாட்டு. "என்னா எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? பசிக்குது, வெச்சாரு" என்றாள் அத்தை.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். மூக்கு குத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவை ஏமாற்றுகிற வேலை. குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிடன் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். மற்ற சாதிகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் நம் சேரிகளில் அந்தப் பெயர் எத்தனை பேருக்கு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நம்மை இழிவுபடுத்த ஊரார் வைத்த பெயர்கள் என்றே பல நாள் நினைத்திருந்தேன். சில அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒரு குப்பனுக்கு முன்னால் மண்ணுக்குள் போன இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். எழுத்தில்லாத நம் மக்கள் செத்த பிள்ளைகளை உயிரோடிருக்கும் பிள்ளையின் பெயரில் குறித்து வைத்தார்கள்.

பதிவேட்டில் இன்னொன்றும் இருந்தது. கோலார் தங்க வயலில் இருந்த சித்தப்பாவை நைனாவின் தம்பி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். 1925இல் அவருடைய ஞானஸ்நானப் பதிவில் தாயின் இடத்தில் ஆயாவின் பெயர் இல்லை, மூத்த அத்தையின் பெயர் இருந்தது. 1908இல் பிறந்த முதல் பெண். பதினேழு வயதில் தலைப்பிரசவத்தில் செத்துப்போனாள். அதே வருஷம்தான் ஆயா என் நைனாவைப் பெற்றாள். தாயும் மகளும் ஒரே சமயத்தில் மாசமாக இருந்திருக்கிறார்கள். மகளைப் புதைத்துவிட்டு வந்து, மகனையும் பேரனையும் இரண்டு பக்கமும் போட்டுப் பால் கொடுத்திருக்கிறாள் ஆயா. பதினாறு பெற்று, பதினேழாவதையும் வளர்த்தவள். அந்தப் பதினேழாவதுதான் பூமிக்கு அடியில் இறங்கித் தங்கம் வெட்டப் போனது. 2001இல் சுரங்கம் மூடும்வரை அவர் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

ஏன் இத்தனை? படித்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் அறியாமை என்பது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு. தமிழில் சொன்னால் 'முன்யோசனையற்ற தாய்மை'. ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ பெற்று, அவற்றில் ஒன்றாவது உயிரோடிருக்கும் தாய் மேலும் பெற்றால் அது இந்தக் கணக்கில் வரும். 'ஒன்றாவது உயிரோடு' என்பதைக் கவனியுங்கள். மூன்று பெற்று இரண்டைப் புதைத்தவளுக்கு நான்காவது எதற்கு என்று கேட்கிறது சர்க்கார். அந்தக் கணக்கில் ஆயாவின் நான்காவது முதல் பதினாறாவது வரை எல்லாமே முன்யோசனை இல்லாமல் பிறந்தவை. அவள் எண்ணிக்கையில் பதினொன்றாவதாக வந்த என் நைனாவும் அதில் ஒன்று.

உண்மையில் அந்தப் பெரிய எண்ணிக்கையைச் சாவுதான் உண்டாக்கியது. பிள்ளை முலை குடிக்கிற வரை அடுத்த கரு தள்ளிப்போகும். பிள்ளை செத்தால் பால் வற்றும், அடுத்தது சீக்கிரம் தரிக்கும். பதிவேட்டில் அது அப்படியே தெரிகிறது. பிழைத்த பிள்ளைக்குப் பின் இரண்டு, இரண்டரை வருஷ இடைவெளி. செத்த பிள்ளைக்குப் பின் ஒரு வருஷம்கூட இல்லை. பத்தாம் நாளே நாற்று நட இறங்கியவள், வரப்பு மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டவள், ஊர்க் கிணற்றில் மொள்ள முடியாமல் குட்டைத் தண்ணீர் குடித்தவள். அவள் பிள்ளைகள் பேதியில் போனதற்கு அறியாமையா காரணம்?

பதினாறு பேறு என்று பெரியவர்கள் சொல்லும் பட்டியலில் நன்மக்கள் ஒன்று மட்டும்தான். கல்வி உண்டு, பொன் உண்டு, நிலம் உண்டு, ஆயுள் உண்டு, நோயின்மை உண்டு. அந்தப் பதினைந்தையும் மற்றவர்கள் வைத்துக்கொண்டு எங்க ஆயாவுக்கு ஒன்றை மட்டும் பதினாறு முறை கொடுத்தார்கள். அதிலும் பதினொன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் இருக்கின்றன. எனக்கு யாரும் வந்து முன்யோசனை கற்றுக்கொடுக்கவில்லை. காலனிக்குக் குழாய் வந்தது, நர்சம்மா வந்து ஊசி போட்டார், பிறந்தது பிழைக்கும் என்ற தைரியம் வந்தது. 2020இல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை 13 என்று புள்ளிவிவரம் சொல்கிறது. ஒரு பெண் சராசரியாகப் பெறுவது 1.8 என்று 2019-21 குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1996இல் பதிவேட்டு நகல்களை வைத்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பன் 1911லயே செத்துட்டான்னு நீயே பேப்பர் குடுத்திருக்கியேப்பா. அப்புறம் நீ எப்படிப் பொறந்தே?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது நாற்பது வயது. நைனா சிரித்த சிரிப்பும் நான் சிரித்த சிரிப்பும் அன்றைக்கு ஞாபகம் வந்தன.

அடுத்த மனுவில் பதினாறையும் வரிசையாக எழுதினேன். ஒரே பெயர் மூன்று முறை, பக்கத்தில் பிறந்த வருஷம், இறந்த வருஷம். பெயரில்லாத மூன்றுக்கும் தனித்தனியே ஒரு வரி. பதினேழாவதாகக் கோலார் சித்தப்பா, தாயின் பெயரோடு. "செத்ததையெல்லாம் எதுக்கு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் வேறொரு குமாஸ்தா. இவங்களையும் சேர்த்தால்தான் சார் எங்க குடும்பம் என்றேன். நிலம் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. வம்சாவளி எங்களிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் வயதான பெண்கள் இருந்தால், எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை பெற்றீர்கள் என்று கேளுங்கள். சொல்லும்போது சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.