காசும் காஷும்

ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஷ்’ என்ற சொல் நமது ‘காசி’லிருந்து பிறந்தது என்று மேடைகளிற் கூறிக் கைதட்டல் பெறுவோர் உளர். உயர்தர வகுப்பு மாணவரும் இதனை என்னிடம் உறுதியாகச் சொல்வதுண்டு. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. வேறென்ன சான்று வேண்டும் என்பது அவர்கள் வாதம். தமிழாசிரியனான எனக்கும் இது கேட்க இனிக்கத்தான் செய்கின்றது. ஆயினும் அச்சொல்லின் வரலாறு வேறு விதமாக அமைந்துள்ளது.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வழங்கிய ‘காஷ்’, பணத்தை மட்டுமன்றிப் பணம் வைக்கும் பெட்டியையும் குறித்தது. 1598இல் யோன் ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலிய – ஆங்கில அகராதியில், வணிகரின் பணப்பெட்டி என்ற பொருளில் இச்சொல் வருகின்றது. இதற்கு மூலம் இலத்தீனின் ‘கப்சா’. பெட்டி என்பது பொருள். நாம் விழுங்கும் ‘கப்சூல்’ மருந்தும் அக்குடும்பத்ததே. பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருப்பதற்கு ஆகி வந்தது. நம் இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்னும்.

காலமும் இடிக்கின்றது. 1599 அளவில் எழுந்த ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்திலே கடனைக் ‘காஷா’கத் தீர்ப்பது பற்றிச் சாதாரணப் படைவீரர் பேசிக்கொள்கின்றனர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி பட்டயம் பெற்றதோ 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில். சென்னையில் அது இடம் பெற்றது 1639இல்.

அப்படியாயின் நமக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆங்கில அகராதிகளைப் புரட்டினால், அதே எழுத்துக்களோடு இன்னொரு ‘காஷ்’ தனிச்சொல்லாக நிற்கக் காணலாம். கீழைத்தேயச் சிறு நாணயம் என்று அதற்குப் பொருள் எழுதியிருப்பர். அதுவே நம்முடையது.

காசு என்ற சொல்லைக் கேட்ட போர்த்துக்கேயர் அதனைத் தம் வாய்க்கேற்ப ‘கைஷா’ என்றனர். வேடிக்கை என்னவெனில், அவர்கள் மொழியிற் ‘கைஷா’ என்றாலும் பெட்டிதான். அதுவும் ‘கப்சா’வின் வழித்தோன்றலே. நம் காசு, அந்நியப் பெட்டியின் உருவத்தைப் போர்த்துக்கொண்டு ஆங்கிலத்துட் சென்றது. பின்னர் சீனத்தின் சதுரத் துளையிட்ட செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர். சீனர் தம் நாணயத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தனர் என்பது வேறு கதை.

சென்னையிற் கம்பனியார் கணக்கெழுதியதும் இக்காசைக் கொண்டே. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஒரு வராகனுக்கு 3360 காசு என்று கூட்டிக் கழித்த எழுதுவினைஞரின் பாடு எப்படியிருந்திருக்கும்! 1818இல் ரூபாய் அங்கு நியம நாணயமானபோது அத்தொல்லை தீர்ந்தது.

நமது ‘காசு’ எங்கிருந்து வந்தது என்பதும் வினாவே. கர்ஷ என்ற வடமொழி நிறைப்பெயரோடு அதனை இணைப்போர் உளர். சங்கப் பாடலிலே அது நாணயமாக அல்ல, அணியிற் கோக்கும் பொற்காசாக வருகின்றது. குறுந்தொகை 67ஆம் பாடலில், கிளி தன் வளைந்த அலகிற் பற்றிய வேப்பம்பழத்துக்கு, பொற்கொல்லன் நகத்தில் ஏந்திய காசை உவமை சொல்கிறார் அள்ளூர் நன்முல்லையார். காசுமாலை என்ற வழக்கில் அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாட்டிலும் நாள், மலர், காசு, பிறப்பு என்று அது இடம் பிடித்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் எழுத்திற் பெரிதும் ‘பணம்’ ஆள, ஈழத்தில் நம் வாயிற் புழங்குவது ‘காசு’தான். காசோலை, காசுக்கட்டளை என்று அலுவலகத் தமிழிலும் அது நிலைத்தது. காசாளர் என்ற சொல்லும் அவ்வாறே. அப்பதவியின் ஆங்கிலப் பெயர் பெட்டிக்குப் பொறுப்பானவரைச் சுட்டும். தமிழ்ப் பெயர் காசை ஆள்பவரைச் சுட்டும்.