தேய்ந்துபோன பதினொன்றாம் வகுப்பு: தமிழ்நாட்டில் மருத்துவக் கல்விக்கான பள்ளி ஆயத்தம்

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த தமிழ்நாட்டு விவாதம் நாற்பது ஆண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: மாணவரை எதைக் கொண்டு தெரிவு செய்வது? 1984இல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக்கியது. 2017 முதல் நீட். ஆனால், தெரிவுக்கு முன் வகுப்பறையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை. மருத்துவம் நாடும் மாணவருக்குப் பள்ளிக் காலத்தில் இன்றியமையாத ஆண்டு பிளஸ் ஒன். மதிப்பெண் முறையும் நீட் முறையும் வெவ்வேறு வழிகளில் அந்த ஆண்டைப் பள்ளியிடமிருந்து எடுத்துக்கொண்டன.

பிளஸ் ஒன்னின் இன்றியமையாமைக்குப் பாடநூல்களே சான்று. 2018-19இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் நூலில் செரிமானம், சுவாசம், இரத்தச் சுற்றோட்டம், கழிவுநீக்கம், நரம்புக் கட்டுப்பாடு, நாளமில்லாச் சுரப்பிகள் என மனித உடலியங்கியலின் பெரும்பகுதி அமைந்துள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு நூல் இனப்பெருக்கம், மரபியல், பரிணாமம், நோய்த்தடைகாப்பு, சூழலியல் என்று நகர்ந்துவிடுகிறது. எம்.பி.பி.எஸ். முதலாண்டில் மாணவர் எதிர்கொள்பவை உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். ஆகவே, கல்லூரி முதலாண்டுக்கு மிக நெருக்கமான பள்ளி ஆண்டு பிளஸ் டூ அன்று, பிளஸ் ஒன்னே. இயற்பியலிலும் இப்படித்தான். குழாயின் ஆரம் பாதியானால், அழுத்த வேறுபாடு மாறாதபோது, அதன்வழிச் செல்லும் பாய்மம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பதைப் பாகுநிலைப் பாடத்தில் புரிந்துகொண்டவருக்கு, தமனிச் சுருக்கம் ஏன் அத்தனை ஆபத்தானது என்று தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பாடம் இருப்பதும் பிளஸ் ஒன்னில்தான்.

மதிப்பெண் காலத்தில் பல தனியார் உறைவிடப் பள்ளிகள் பிளஸ் ஒன் நூல்களை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. 1200க்கு நெருக்கமான மதிப்பெண்கள் அவ்வாறு விளைந்தவை. அன்றைய பாடத்திட்டத்தில் மனித உடலியங்கியல் பிளஸ் டூ விலங்கியலில் இருந்ததால் உயிரியலில் இழப்பு ஓரளவு குறைவு. இயற்பியலிலும் வேதியியலிலும் அடித்தளமே விடுபட்டது. இதைத் திருத்தவே 2018 மார்ச்சில் முதன்முறையாகப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. அது சரியான முடிவு. ஆனால், அதே ஆண்டிலேயே உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவிக்கப்பட்டபோது அத்திருத்தம் பாதி வலுவிழந்தது.

நீட் இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கேட்கிறதே, அதனால் பிளஸ் ஒன் மீட்கப்படவில்லையா என்ற மறுப்பு வலிமையானது. பாடம் மீண்டது உண்மை. அது பள்ளிக்கு மீளவில்லை. 180 வினாக்கள், 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு என்ற அமைப்பு வேகத்தையும் தொடர் பயிற்சியையும் கோருகிறது. அவற்றைத் தருவது பயிற்சி மையம். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை இதைத் துலக்கமாகக் காட்டுகிறது: மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. அதாவது, இடத்தைத் தீர்மானிக்கும் ஆண்டு பள்ளி முடிந்த பிறகு வருகிறது. அந்த ஓராண்டுக்குக் கட்டணமும் உணவும் உறைவிடமும் தர இயலாத குடும்பத்துக்குப் பள்ளி மட்டுமே உண்டு. பள்ளியோ தீர்மானிக்கும் இடத்தை இழந்துவிட்டது. இந்த அநீதியைப் புள்ளிவிவரமாக மட்டும் கடந்துபோக என்னால் இயலவில்லை.

2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இந்தக் காயத்துக்கு நேர்மையான மருந்து. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த நூற்றுக்கணக்கானோர்க்கு ஆண்டுதோறும் அது கதவைத் திறக்கிறது. எனினும், அவர்களும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும். பிளஸ் ஒன் உடலியங்கியலை ஆழ்ந்து கற்பிக்கும் ஆசிரியர் அவர்களுக்கே முதலில் தேவை.

இந்நிலையில், 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுள்ளது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் புதிய பாடப்பிரிவுக்குள் நுழையும் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் வேண்டும். ஆனால், வெளியிலிருந்து பார்க்கும் கண் ஒன்று இல்லாதபோது பிளஸ் ஒன் ஆண்டு என்ன ஆனது என்பதற்கு 2007 முதல் பத்தாண்டு அனுபவம் நம்மிடம் உண்டு. பொதுத்தேர்வுக்கு மாற்றாக, பிளஸ் ஒன் ஆய்வகப் பணிக்கும் செய்முறை மதிப்பீட்டுக்கும் வேறு பள்ளி ஆசிரியரைப் புறத்தேர்வராக அனுப்பலாம். அதற்கு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வின் அச்சம் தேவையில்லை. பாடநூலை ஒதுக்கிவிட்ட பள்ளி, நுண்ணோக்கியின் முன் நிற்கும் மாணவரிடம் அதை மறைக்க இயலாது.