ஓட்டுநரும் நடத்துநரும்



திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது எங்கள் அய்யலூர். அங்குள்ள வண்டிக்கருப்பண்ணசாமி கோயில் முன் வண்டியை நிறுத்தி வணங்கிய பின்னரே ஓட்டுநர்கள் மேலே செல்வர். என் தந்தையாரும் அவ்வாறு வணங்கிச் சென்ற பேருந்து ஓட்டுநரே. சாலையில் விபத்தொன்றும் அவரை அணுகவில்லை. ஐம்பத்தாறாம் வயதில் மாரடைப்பு அணுகியது. அவருடன் பணிபுரிந்த நடத்துநரோ, எண்பது வயது கடந்தும் வியாழக்கிழமைச் சந்தைக்கு நடந்தே வருகிறார். இதனை விதியென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

இவ்வேற்றுமையை லண்டனில் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் எண்ணிக் கணக்கிட்டார். 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளரை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதி அமர்ந்திருந்தார். நடத்துநர் மாடிப்பேருந்தின் படிகளை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ஏறினார். நகரம் ஒன்று, பேருந்தும் ஒன்று, ஆயினும் நடத்துநரிடையே இதயநோய் குறைவு. ஓட்டுநர்கள் இளவயதிலேயே சற்றுப் பருத்திருந்தனர் என்பதையும் பின்னர் அவரே கண்டு கூறினார். ஆகவே ஐயம் எஞ்சியது.

எனவே அவர் மேசைப்பணி புரியும் அரசு அலுவலர்களை ஆராய்ந்தார். ஓய்வுவேளையில் மூச்சுவாங்க உடலை உழைப்பித்தவர்களிடம் இதயநோய் குறைந்திருந்ததை 1973இல் அறிவித்தார். தொழில் நம்மை அமர்த்தினும், நாமே எழுந்துகொள்ளலாம் என்பதன்றோ இதன் பொருள்! மாரிஸ் தாமும் ஹாம்ஸ்டெட் திறந்தவெளியில் ஓடிப் பழகியவர். 2009இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 1984 முதல், ஐம்பது கடந்த ஓட்டப் பயிற்சியாளரையும் ஏனையோரையும் ஒப்பிட்டனர். 19 ஆண்டுகளுக்குப் பின், ஓடியவருள் நூற்றுக்கு 15 பேரும் ஏனையோருள் 34 பேரும் இறந்திருந்தனர். எழுதல், உடுத்தல், நடத்தல் ஆகியவற்றில் வரும் தளர்ச்சியும் ஓடியவர்க்குப் பல்லாண்டு பிந்தியே வந்தது. ஓட்டம் முதுமையைத் தடுப்பதில்லை. முதுமையின் முடக்கத்தைத் தள்ளிவைக்கத் துணைபுரிகிறது.

மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோர் ‘நேரமில்லை’ என்பர். அவர்களுக்கு இவ்வரலாற்றை எடுத்துரையுங்கள். முதலில் மருத்துவரைக் கேட்டறிந்து, நடையில் தொடங்கி, சிறிது சிறிதாக ஓட்டத்துக்குச் செல்லட்டும்.

நாளெல்லாம் அமர்ந்து கணக்கெழுதும் நானும் அவ்வாறே தொடங்கினேன். வைகறையில் முதற்பேருந்து வருமுன் அரைமணி நேரம் ஓடுகிறேன். தந்தையார் மறைந்த வயது எனக்கு அடுத்த ஆண்டு வருகிறது. கோயிலருகே ஒரு கணம் நின்று கைகூப்புகிறேன். பின்னர் மீண்டும் ஓடுகிறேன்.