மருந்தும் ஒளியும்

தனியே நின்றாற் தீங்கு செய்யாத இரண்டு, ஒன்று கூடிய விடத்துக் கொல்லும் வலிமை பெறுதல் உண்டு. அவ்வலிமையைப் புற்றுநோயின்மீது திருப்பிய வரலாறு, ஜேர்மனியின் மியூனிக் நகரில், முரண்பட்ட ஒரு பரிசோதனையிலிருந்து தொடங்கியது.

அங்கே பேராசிரியர் ஹேர்மன் வொன் டப்பைனரிடம் பயின்ற மருத்துவ மாணவர் ஒஸ்கார் ராப், அக்ரிடீன் என்னும் சாயம் பரமீசியம் என்ற நுண்ணுயிரை எவ்வளவு நேரத்திற் கொல்லும் என ஆராய்ந்தார். சாயத்தின் அளவு ஒன்றே. ஆயினும் ஒருமுறை அவ்வுயிர்கள் விரைவில் மடிந்தன. மற்றொருமுறை நெடுநேரம் வாழ்ந்தன. கைப்பிழை என்று தள்ளிவிடத்தக்க வேறுபாடுதான். ராப் தள்ளிவிடவில்லை. அவ்விரு வேளைகளிலும் வெளிச்சம் வேறுபட்டிருந்ததை உணர்ந்தார். சாயமும் ஒளியும் சேர்ந்தபோதே சாவு விரைந்தது. இம்முடிவு 1900ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

1903இல் டப்பைனர், ஜெசியோனெக் என்ற தோல் மருத்துவருடன் சேர்ந்து, தோற்புற்றில் இயோசின் சாயத்தைப் பூசி ஒளி பாய்ச்சினார். பிராணவாயுவும் இன்றியமையாதது என்பது அவர்தம் ஆராய்ச்சியாற் புலனாயிற்று. சாயம் ஒளியின் ஆற்றலை ஏற்றுப் பிராணவாயுவிற்கு அளிக்கின்றது. கிளர்ந்தெழுந்த அவ்வாயு, தான் தோன்றிய கலத்தையே அழிக்கின்றது.

1912இல் மேயர்-பெற்ஸ் என்ற ஜேர்மன் மருத்துவர், குருதியின் செந்நிறப் பொருளிலிருந்து பெறப்படும் ஹீமற்றோபோர்பிரினில் 200 மில்லிகிராமைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்டதும் அவர் முகம் வீங்கிற்று. அத்துன்பம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது.

அப்பொருளின் வழிவந்த கலவையொன்று புற்றுக் கட்டிகளிற் கூடுதலாகத் தங்கும் என்பதை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் லிப்சன் முதலியோர் கண்டனர். பபலோ நகரின் றொஸ்வெல் பார்க் நிலையத்தில் தோமஸ் டொகேட்டி, அக்கலவையைச் செலுத்திச் செவ்வொளியைப் பாய்ச்சினார். செவ்வொளி தசையினுள் ஆழச் செல்லவல்லது. 25 நோயாளரின் 113 கட்டிகளில் 111, முற்றாகவோ ஓரளவோ கரைந்தன என்று 1978இல் அறிவித்தார். 1993இல் கனடா, போட்டோபிரின் என்ற பெயரில் இம்மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அனுமதித்தது.

இம்முறைக்கும் எல்லையுண்டு. ஒளி எட்டாத ஆழத்திலுள்ள கட்டியும், உடலெங்கும் பரவிய நோயும் இதற்கு அடங்கா. போட்டோபிரின் பெற்றவர் பல வாரங்கள் வெயிலை விலக்கவேண்டும். மேயர்-பெற்ஸ் பட்ட துன்பம் அவர்களுக்கு எச்சரிக்கையாயிற்று. ஒரு மாணவர் அலட்சியம் செய்யாத சிறு முரண்பாடு, நோயாளரின் மருந்தாய்க் கனிவதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அறிவியலில் கூரிய கண்ணுக்கு உள்ள மதிப்பு, நெடிய பொறுமைக்கும் உண்டு.